மழைக்கு முன்பே மருந்து: ஐப்பசி முதல் போகி வரை

புரட்டாசி முடியப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி இறங்கும். அதற்குச் சற்று முன்னோ பின்னோ தீபாவளிப் புகை வரும். கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும். மார்கழியில் விடியற்காலைப் பனி, அது முடியும் நாளில் போகி நெருப்பு. இழுப்பு உள்ளவர்களுக்கும், தும்மலும் மூக்கடைப்புமாக அலர்ஜியோடு காலம் தள்ளுகிறவர்களுக்கும் தமிழ்நாட்டில் ஆண்டின் மிகக் கடினமான மூன்று மாதங்கள் இவை.

இப்போது நன்றாக இருக்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோடையில் மூச்சு சீராக இருந்திருக்கும். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை ஆனி, ஆடியிலேயே நிறுத்தியிருப்பீர்கள். "அதான் சரியாயிடுச்சே" என்று வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். முதல் மழையின் நான்காவது நாள், பின்னிரவு மூன்று மணிக்கு, நெஞ்சில் விசில் சத்தத்தோடு எழுந்து உட்காருகிறவர்களில் பலர் இவர்களே.

தினமும் எடுக்கும் இந்தத் தடுப்பு இன்ஹேலர் போட்ட உடனே வேலை செய்யும் மருந்து அல்ல. ஒழுங்காக எடுத்தால் ஓரிரு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டியது இந்த வாரம்.

இழுப்பு இல்லாத நாளிலும் ஏன் மருந்து?

ஆஸ்துமா என்பது அவ்வப்போது வந்துபோகும் நோய் அல்ல. வந்துபோவது இழுப்பு மட்டும்தான். மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் அழற்சி, அதாவது அந்த மெல்லிய வீக்கம், நாம் நன்றாக நடமாடும் நாட்களிலும் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் தூசியோ புகையோ சளிக் காய்ச்சலோ படும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது, மூச்சை வெளியே விட முடியாமல் போகிறது.

சால்பியூட்டமால் உள்ள இன்ஹேலர், பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது, இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் நிம்மதி தரும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது புடசொனைடு, புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். நம் ஊரில் நேர்வது என்னவென்றால், உடனே நிம்மதி தரும் மருந்தை மக்கள் கையோடு வைத்துக்கொள்கிறார்கள், நோயை அடக்கும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு 2019ஆம் ஆண்டிலிருந்து தெளிவாகச் சொல்லிவருகிறது: பெரியவர்களுக்கும் 12 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமால் மட்டுமே கொடுத்துச் சிகிச்சை செய்யக் கூடாது. அதோடு ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்தே ஆக வேண்டும். 200 முறை அடிக்கக்கூடிய நீல இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்துபோனால், கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்பதும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆகவே மருந்துக்கடையில் மூன்றாவது முறையாக அதை வாங்கும்போதே உஷாராகிவிட வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டைப்பெட்டியில் உள்ள மருந்தின் பெயரை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, "இது தடுக்கிறதா, இல்ல அவசரத்துக்கா?" என்று கேட்டு, இன்ஹேலர் மேலேயே மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். சிலருக்குப் புடசொனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை இரண்டு வேலைக்கும் எழுதித் தருவார்கள். அது இப்போதைய நல்ல முறைகளில் ஒன்று. நீல இன்ஹேலர் தரவில்லையே என்று பதற வேண்டாம்.

கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இளைப்பு வந்ததா? இருமலாலோ இழுப்பாலோ ஒரு இரவாவது தூக்கம் கலைந்ததா? அவசர இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? மாடிப்படி ஏறுவதையோ விளையாடுவதையோ தவிர்த்தீர்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. மழை தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

"பம்ப் போட்டா பழகிடும்"

இன்ஹேலரைப் பற்றிய இந்த ஒரு சொல் செய்த கேடு கொஞ்சமல்ல. என் பெரியம்மா தன் இன்ஹேலரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் இழுப்பு வந்தாலும் எடுக்க மாட்டார், கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம், "இழுப்புக்கார குடும்பம்" என்று பேர் வந்துவிடக் கூடாது என்ற பயம். கல்யாணம் ஆகாத பெண்களின் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வைத்துவிடும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளிலோ நாற்பது சதவீதத்துக்கு மேல் நம் நாட்டில் நேர்கின்றன என்று 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீடு சொல்கிறது. நம் நோய் மற்றவர்கள் நோயைவிடக் கொடியது என்று இதற்குப் பொருள் இல்லை. இருக்கிற மருந்து போய்ச் சேரவில்லை, சேர்ந்த இடத்திலும் ஒளித்து வைக்கப்படுகிறது.

இன்ஹேலர் போதைபோல் பழகிவிடும் பொருள் அல்ல. தினமும் எடுப்பதற்குக் காரணம் நோய் தினமும் இருப்பதுதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினமும் மாத்திரை போடுகிறோம், அதைப் பழக்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மாத்திரையில் மருந்து மில்லிகிராமில் இருக்கும், இன்ஹேலரில் மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். அந்தத் துளி மருந்தும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது.

இன்ஹேலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மழைக்கு மழை பக்கத்துத் தெரு கிளினிக்கில் 'டெக்கா' என்ற ஸ்டீராய்டு ஊசியும் டெரிஃபிலின் ஊசியும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிக ஸ்டீராய்டை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். அடிக்கடி போடும் அந்த ஸ்டீராய்டு ஊசியால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும். ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம் எல்லாம் விருப்பம்போல் சாப்பிடுங்கள். அவற்றை நம்பித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்த மட்டும் வேண்டாம். மூச்சுத் திணறும் குழந்தையை ஆவி பிடிக்க உட்கார வைக்கவும் வேண்டாம். ஆவி இழுப்பைத் தீர்ப்பதில்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு.

வாய்க்குள் அடித்தால் போதாது

நல்ல மருந்தை வாங்கித் தப்பாக அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்கிறவர்கள் ஏராளம். அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, அதற்கென்று விற்கும் ஸ்பேசர் குழாயில் பொருத்துங்கள். ஸ்பேசர் சிறுபிள்ளைகளுக்கானது என்று நினைத்துப் பெரியவர்கள் தவிர்க்கிறார்கள். அது இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிப் போகிறது. மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குங்கள். அப்படி முடியாத குழந்தைக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர், ஐந்தாறு சாதாரண மூச்சு. அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கிவிட்டு அடிக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

கேப்சூல் போட்டு உறிஞ்சும் பொடி வகைக்கு முறை நேர்மாறு, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கருவிக்குள் மூச்சை ஊதிவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு கூடுதல் கவனம் தேவை. பொடிக்கு ஈரம் ஆகாது. கேப்சூலை முன்கூட்டியே கருவியில் போட்டு வைப்பதும், குளியலறை அலமாரியில் வைப்பதும் கூடாது.

இன்றே ஒரு எண்ணிக்கையும் செய்யுங்கள். 120 முறை அடிக்கும் தடுப்பு இன்ஹேலரைக் காலையும் இரவும் இரண்டிரண்டாக எடுத்தால் முப்பது நாளில் தீரும். டப்பாவில் தொடங்கிய தேதியை எழுதுங்கள். தீர்ந்த பிறகும் அது புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டே இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. வெள்ளம் தெருவில் நிற்கும் நாளில் மருந்துக்கடைக்குப் போக முடியாது. சென்னையும் கடலூரும் 2015இல் கண்டது நினைவிருக்கும். மழைக்கு முன்பே ஒரு மாத மருந்தைக் கூடுதலாக வாங்கி, நெகிழி உறையில் கட்டி மேல்தட்டில் வையுங்கள். நெபுலைசரை மட்டும் நம்பியிருக்கிற வீடுகளில் ஸ்பேசர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கரண்ட் போகும். செலவு கூடுகிறது என்றால் அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஓதமும் தூசியும்

இங்கே 'டஸ்ட் அலர்ஜி' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு தெருத்தூசியால் வருவதல்ல. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி ஒன்று இருக்கிறது. அளவில் மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வளர்கிறது. அதன் எச்சம்தான் தும்மலையும் இழுப்பையும் கிளப்புகிறது. மழைக்காலம் அதற்கு விருந்து.

வெயில் இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த வாரமே மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப்போட்டுத் தட்டுங்கள். தட்டுகிறவர் இழுப்பு உள்ளவராக இருக்கக் கூடாது. பழைய இலவம்பஞ்சுத் தலையணை பல ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. படுக்கை விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு முறை கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரி வெந்நீரில் அலச வேண்டும். மழைநாளில் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவது நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது. ஆனால் படுக்கையறையில் வேண்டாம். அந்த ஈரம் முழுக்க மெத்தைக்கும் சுவருக்கும் போகிறது. குழந்தையின் கட்டிலைச் சுற்றிப் பஞ்சு பொம்மைகளை அடுக்கியிருந்தால் குறைத்துவிடுங்கள்.

சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் படர்வது பூஞ்சை. அதன் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பதால் பயனில்லை. ஒழுகும் இடத்தை அடைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, உலரவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழிவறை ஆசிடோடு எந்தக் காரணத்துக்கும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு எழும். வெள்ளத்தில் ஊறிய மெத்தையைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் சிக்கனம் இழுப்புள்ள வீட்டுக்கு ஆகாது. தூக்கிப் போடுங்கள். கரப்பான்பூச்சியும் அலர்ஜிக்குப் பெரிய காரணம். ராத்திரி எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடக்க வேண்டாம். குப்பைக்கூடைக்கு மூடி இருக்கட்டும்.

அப்புறம் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கதவு ஜன்னல் சாத்திய மழை இரவில், குழந்தையின் கட்டிலுக்குக் கீழே அதை ஏற்றி வைக்கிறோம். டெங்குக் காலத்தில் கொசுவை விட்டுவைக்கவும் முடியாது. எனவே கொசுவலைதான் வழி. வெள்ளி, செவ்வாயில் போடும் சாம்பிராணியையும் இழுப்பு உள்ளவர் இருக்கும் அறையில் போடாதீர்கள். சாமிக்கு ஒரு விளக்கு போதும்.

மூக்கைக் கவனிக்காமல் நெஞ்சு சரியாகாது

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், மூக்கு நமைச்சல், கண்ணில் நீர் என்று இருப்பவருக்கு இழுப்பு அடங்காவிட்டால் மூக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாக்டர் தரும் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தலையைச் சற்று முன்னே சாய்த்து, நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடியுங்கள். வலக்கையால் இடது துளைக்கும் இடக்கையால் வலது துளைக்கும் அடித்தால் கோணம் தானே சரியாக வரும். பலன் தெரியச் சில நாள் ஆகும். உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். மான்டிலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் போன்ற மனநல விளைவுகளுக்காக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. பலருக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனாலும் அதை எழுதித் தர வேண்டியவர் மருத்துவர். மழையில் காய்ச்சல், உடம்புவலி வந்தால் போடும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலிமருந்து சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். மாத்திரை எழுதுகிறவரிடம் முதலில் ஆஸ்துமா என்று சொல்லுங்கள்.

சென்னை, வேலூர்ப் பக்கம் ஃப்ளூ காய்ச்சல் உச்சத்துக்குப் போவது அக்டோபர், நவம்பரில். தடுப்பூசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதைப் பற்றி இந்த வாரச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

தயிரும் வாழைப்பழமும் எல்லோருக்கும் இழுப்பைக் கொண்டுவரும் என்பதில் உண்மையில்லை. ஒரு குறிப்பிட்ட உணவு ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை நிறுத்துங்கள். வளரும் பிள்ளைக்குப் பழமும் பாலும் தராமல் பட்டினி போடாதீர்கள்.

தீபாவளி அன்று

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்பது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த நடைமுறை. ஆனால் முதல்நாள் இரவே தொடங்கிவிடும் என்பது நமக்குத் தெரியும். வெடியைவிட நெருங்கி நின்று கொளுத்தும் பாம்பு மாத்திரை, மத்தாப்பு, சங்குசக்கரம் ஆகியவற்றின் புகைதான் குழந்தைகளின் மூச்சில் நேராகப் போகிறது. இழுப்புள்ள குழந்தைக்குப் பாம்பு மாத்திரை வாங்கவே வேண்டாம். அன்று காலை எண்ணெய்க் குளியலும் பலகாரமுமாக ஓடும் அவசரத்தில் தடுப்பு இன்ஹேலரை மறந்துவிடுவோம், அதை முதலில் எடுக்க வையுங்கள். புகை மண்டும் நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 தடுக்கும்.

இழுப்பு கடுமையாகிவிட்டால்

நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக, ஒவ்வொன்றாக, அரை நிமிட இடைவெளியில் பத்து முறை வரை கொடுக்கலாம். நிம்மதி வராவிட்டால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே தொடருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், குழந்தை பால் குடிக்க முடியாமல் துவண்டால், எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நெஞ்சில் விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய் ஆள் சோர்ந்து தூங்குவதுபோல் தெரிந்தால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இரவு நேரமாச்சே, விடியட்டும் என்று தள்ளிப்போட்ட வீடுகளில் ஆட்களை இழந்திருக்கிறோம்.

பள்ளி செல்லும் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் ஒரு இன்ஹேலரும் ஸ்பேசரும், மேலே உள்ள பத்தியை எழுதிய தாளும் இந்த வாரமே கொடுத்து வையுங்கள். டீச்சர்களே, பிள்ளை இன்ஹேலரை எடுத்தால் மற்ற பிள்ளைகள் முன்னால் விசாரிக்காதீர்கள், எடுக்க விடுங்கள்.

கடைசியாகப் போகி. அது வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இழுப்பு இல்லாதவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். மார்கழி விடியலில் பனி தரையை ஒட்டிக் கிடக்கும், புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். அந்தப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போன ஆண்டுகளும் உண்டு. உங்கள் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையோ ஒரு பாட்டியோ அந்த நேரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்பேசரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பழைய டயரையும் பாயையும் ரெக்சின் பையையும் எரிக்காதீர்கள். குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.